ராடரில தெரிஞ்சது, ஃபோனில சொல்லேல்லை

2014 மார்ச் 8, அதிகாலை 2 மணி 3 நிமிடம். விமானத்தைக் காணவில்லை, எங்கே என்று வியட்நாம் கேட்டுக்கொண்டிருக்கிறது. கோலாலம்பூர் வான்போக்குவரத்துக் கட்டுப்பாட்டு நிலையம் தன் நாட்டு விமான நிறுவனத்தைக் கேட்கிறது. கம்போடிய வான்பரப்பில் இருக்கிறது என்று நிறுவனம் பதில் சொல்கிறது. கோலாலம்பூரிலிருந்து பீஜிங் போகிற எம்எச்370 இன் பயணத் திட்டத்தில் கம்போடியாவே கிடையாது. ஆனாலும் அந்தப் பதிலை வைத்துக்கொண்டு எல்லாரும் ஒன்றரை மணித்தியாலம் அளவில் இருந்துவிட்டார்கள். 3.30 மணிக்குத்தான் விசயம் வெளிச்சது. நிறுவனம் பார்த்துச் சொன்னது விமானம் நின்ற இடம் இல்லை, "இந்நேரம் இங்கே போயிருக்கவேணும்" எண்டு கணினி தானாகக் கீறிக் காட்டின கோடு.

239 பேர் இருந்த விமானம் அது. மீனவர் உரிமைக்காக சென்னையில் வருசக்கணக்காக வேலை செய்த ஒரு பெண்ணும் அதில் இருந்தார்.

எம்எச்370 பற்றி எழுதினால் வாசிக்க ஆள் வரும் எண்டு எங்களுக்குத் தெரியும். யூடியூபில் இந்த விமானத்தை வேற்றுக்கிரகவாசி கொண்டுபோனது தொடக்கம் டியேகோ கார்சியாவில் இறக்கி ஒளித்துவைத்தது வரை எல்லாக் கதையும் தமிழில் கிடைக்கிறது, லட்சக்கணக்கில் பார்க்கவும் படுகிறது. அந்தக் கதைகளோடு சண்டைபிடிக்கிறதுக்காக நாங்கள் இதை எழுதவில்லை. எங்களுக்கு எரிச்சல் வேறு இடத்தில். மர்மம், மர்மம் என்று பத்து வருசத்துக்கு மேலாகக் கத்திக்கொண்டிருக்கிறவர்கள், மர்மமே இல்லாத பகுதியைப் பார்க்க மறுக்கிறார்கள். மலேசிய அரசு 2018 ஜூலையில் வெளியிட்ட விசாரணை அறிக்கையில் அந்தப் பகுதி நிமிடக்கணக்கோடு அச்சில் இருக்கிறது. வாசித்தால் பேய்க்கதையை விடப் பயமாக இருக்கும்.

இதுதான் அது. 1.19 க்கு கோலாலம்பூர் விமானத்தை வியட்நாமின் ஹோ சி மின் நிலையத்திடம் ஒப்படைக்கிறது. விமானி இரவு வணக்கம் சொல்கிறார். 1.21 க்கு இரண்டு நாட்டு வான்பரப்பும் சந்திக்கிற இடத்தில் விமானம் கட்டுப்பாட்டாளர்களின் திரையில் இருந்து மறைகிறது. ஒப்படைத்த விமானம் குறித்த நேரத்தில் கதைக்காவிட்டால் 5 நிமிடத்துக்குள் மற்றப் பக்கத்தைக் கேட்கவேண்டும் என்பது இரு நிலையங்களுக்கும் இடையில் இருந்த உடன்பாடு. வியட்நாம் கேட்டது 1.39 க்கு. பிறகு கம்போடியாக் கதை. மலேசியாவின் மீட்பு ஒருங்கிணைப்பு நிலையம் இயக்கப்பட்டது 5.30 க்கு. "விமானம் பேராபத்தில்" என்ற முறையான அறிவித்தல் வெளியே போனது 6.32 க்கு. திரையில் இருந்து மறைந்து ஐந்து மணித்தியாலத்துக்கு மேல்.

அந்த ஐந்து மணித்தியாலமும் விமானம் பறந்துகொண்டு இருந்தது. இன்மார்சாட் செய்மதியோடு அதன் கடைசித் தொடர்பு 8.19 க்கு. பேராபத்து அறிவித்தல் வெளியான நேரத்தில்கூட அது ஆகாயத்தில்தான். அந்த முழு இரவிலும் தரையில் இருந்து விமானத்தின் செய்மதித் தொலைபேசிக்கு எடுக்கப்பட்ட அழைப்புகள் இரண்டே இரண்டு. ஒன்று 2.39 க்கு, மற்றது 7.13 க்கு. வீட்டுக்குப் பிந்தி வருகிற பிள்ளைக்கு எங்கட அம்மாமார் எடுக்கிற மிஸ்ட் கோல் அளவுகூட இல்லை.

மலேசிய இராணுவ ராடர் அந்த விமானத்தைப் பார்த்தது. திரும்பி, தீபகற்பத்தைக் குறுக்கே வெட்டி, மலாக்கா நீரிணைக்கு மேலால் வடமேற்கே போனதை 2.22 வரைக்கும் பார்த்தது. "நட்பு" விமானம் என்று வகைப்படுத்திவிட்டு விட்டுவிட்டது. ஒரே நாட்டின் இரண்டு திரைகள். ஒன்றில் காணாமல் போனது மற்றதில் தெரிகிறது. இடையில் ஒரு தொலைபேசி அழைப்புப் போகவில்லை. தாய்லாந்து இன்னும் ஒருபடி மேல். தங்கள் ராடரிலும் ஏதோ ஒரு விமானம் தெரிந்தது என்று தாய்லாந்து விமானப்படை வாய் திறந்தது பத்து நாள் கழித்து, மார்ச் 18 இல். ஏன் முதலே சொல்லவில்லை எண்டு கேட்டதுக்கு அவர்களுடைய விளக்கம்: குறிப்பாக யாரும் கேட்கவில்லை.

யாரும் கேட்கவில்லையாம்! உலகத்தில் ரீவி வைத்திருந்த அத்தனை வீட்டிலும் அந்தக் கேள்விதான் பத்து நாளாக ஓடிக்கொண்டிருந்தது.

அதற்கிடையில் தென்சீனக் கடலில் கப்பல்களும் விமானங்களும் ஒரு வாரமாக, விமானம் இல்லாத கடலைத் துருவிக்கொண்டிருந்தன. மார்ச் 15 இல்தான் மலேசியப் பிரதமர் அந்தத் தேடலை நிறுத்தினார். இந்தியாவின் கதையும் உண்டு. அந்தமானில் உள்ள இராணுவ ராடர்கள் எந்நேரமும் இயக்கப்படுவதில்லை, தேவைப்பட்டால்தான் என்று இந்திய அதிகாரி ஒருவரே அந்நாட்களில் செய்தியாளர்களிடம் சொன்னார். அந்தமான் பக்கம் தேட வருகிறோம் என்று சீனா நான்கு கப்பல்களுக்கு அனுமதி கேட்டது, இந்தியா மறுத்தது என்றும் செய்திகள் வந்தன. பெட்டி விளையாட்டு மாதிரி, ஆளுக்கொரு கட்டத்தைப் பிடித்துக்கொண்டு நிற்கிறார்கள். கறுப்புப் பெட்டியின் நீரடி ஒலிக்கருவிக்கு அந்நாளில் இருந்த மின்கலம் 30 நாளைக்குத்தான்.

அன்றைக்கு எல்லாரும் ஒழுங்காகக் கதைத்திருந்தால் அந்த 239 பேரும் பிழைத்திருப்பார்கள் என்று நாங்கள் சொல்லவரவில்லை. அப்படிச் சொல்ல ஆதாரம் கிடையாது. ஆனால் எந்தக் கடலில் தேடுவது என்றாவது அன்றைக்கே தெரிந்திருக்கும். தெரியாதபடியால் தென் இந்து சமுத்திரத்தில் 120,000 சதுர கிலோமீற்றர் கடலடியைத் தேடி, 2017 ஜனவரியில் வெறுங்கையோடு நிறுத்தினார்கள். 2018 இல் ஒரு தனியார் நிறுவனம் ஏறத்தாழ அதேயளவு பரப்பைத் திரும்பத் தேடியது. கிடைத்தது எல்லாம் ரீயூனியன் தீவிலும் ஆபிரிக்கக் கரையிலும் ஒதுங்கிய சிதைவுத் துண்டுகள்.

இனி, ஒப்பந்தம் இல்லாதபடியால்தான் இப்படி எண்டு சிலர் சொல்வார்கள். ஒப்பந்தம் இருந்தது! ஆபத்தில் இருக்கும் விமானங்களைத் தேடுவதற்கும் உயிர்தப்பியவர்களை மீட்பதற்கும் வசதி செய்யும் உடன்படிக்கை என்று, ஆசியான் நாடுகள் 1972 ஏப்ரலில் சிங்கப்பூரில் கையெழுத்து வைத்தன. எம்எச்370 மறையும்போது அந்தக் காகிதத்துக்கு வயது 41. அதற்கும் முந்தி, 1944 இன் சிக்காகோ சமவாயத்தின் 25 ஆம் உறுப்புரை, காணாமல் போன விமானத்தைத் தேடுவதில் நாடுகள் ஒத்துழைக்கவேண்டும் என்று சொல்கிறது. அந்தச் சமவாயத்தின் 12 ஆம் பின்னிணைப்பு முழுக்க முழுக்கத் தேடல் மீட்பு பற்றியது. அயல்நாட்டு மீட்பு அணி உடனடியாக உள்ளே வர இடம்விடவேண்டும் என்று அதில் இருக்கிறது. கூடவே, அந்தந்த நாடு விதிக்கும் நிபந்தனைகளுக்கு அமைய என்றும் இருக்கிறது. எல்லா அரசும் குடியிருப்பது அந்த இரண்டாவது வசனத்துக்குள்.

ஆகவே எங்கட வாதம் இதுதான். விமானத் தேடல் மீட்பில் பிராந்திய ஒத்துழைப்பு இல்லாமல் போனதற்குக் காரணம் சட்டமும் இல்லை, தொழில்நுட்பமும் இல்லை. தன் ராடர் எவ்வளவு தூரம் பார்க்கும், எப்போது நித்திரை கொள்ளும் என்பதை அயல்வீட்டுக்காரன் அறியக்கூடாது என்ற அரசுகளின் கவலைதான். அந்தக் கவலைக்கு அவர்கள் வைத்திருக்கும் பெயர் தேசிய பாதுகாப்பு. அதற்கு விலை கொடுக்கிறது விமானத்தில் இருக்கிற சனம்.

இது ஆசியாக்காரரின் பழக்கம் எண்டு நினைத்துவிடாதையுங்கோ. 2009 ஜூன் 1 இல் ரியோவில் இருந்து பரிஸுக்குப் போன எயர் பிரான்ஸ் 447 அத்திலாந்திக்கில் விழுந்தது. 228 பேர். பிரேசிலின் பொறுப்பில் இருந்து செனகலின் பொறுப்புக்கு மாறுகிற இடம். ஆளுக்காள் "உங்களிடம் வந்ததா, உங்களிடம் வந்ததா" என்று கேட்டுக்கொண்டே இருந்துவிட்டு, முதல் அவசர அறிவித்தல் வெளியாக ஆறு மணித்தியாலம் அளவில் ஆனது. அதையும் கடைசியில் அனுப்பியது ஐரோப்பாவில் இருந்த நிலையங்கள். எம்எச்370 க்கு ஐந்து வருசத்துக்கு முந்தின பாடம். வாசித்தவர்கள் வாசித்தார்கள், வைத்துவிட்டார்கள்.

முடியாத காரியமா இது எண்டு கேட்டால், அதே 2014 இன் கடைசியைப் பாருங்கோ. டிசம்பர் 28 இல் சுரபாயாவில் இருந்து சிங்கப்பூர் போன ஏர்ஏசியா விமானம் 162 பேரோடு ஜாவாக் கடலில் விழுந்தது. இந்தோனேசியாவின் தேடல் நிறுவனம் தலைமை எடுத்தது. சிங்கப்பூர், மலேசியா, அவுஸ்திரேலியா எண்டு அயலவர்களின் கப்பலும் விமானமும் உடனே உள்ளே வந்தன. மூன்றாம் நாள் சிதைவுகள் கண்டுபிடிக்கப்பட்டன. இரண்டு கிழமை கழித்துக் கறுப்புப் பெட்டிகள் மேலே வந்தன. உடற்பகுதியைக் கடலடியில் கண்டுபிடித்தது சிங்கப்பூர்க் கடற்படையின் கப்பல். ஆழம் குறைந்த கடல், அதனால் இலகு என்பது உண்மைதான். ஆனால் அனுமதிக் கடிதத்துக்கு ஆழம் ஒரு பொருட்டில்லைத்தானே. ஒன்பது மாதத்துக்கு முந்தின அவமானம் எல்லாருக்கும் பச்சையாக இருந்தது, அதனால் கதவு திறந்தது. அவமானம் ஆறினால் என்ன நடக்கும் என்பதுதான் எங்கட பயம்.

சரி, மலேசியாவும் தாய்லாந்தும் எங்களுக்கு எதற்கு? சொல்கிறோம்.

பலாலி விமான நிலையம் 2019 ஒக்ரோபரில் சர்வதேச விமான நிலையமாகத் திறக்கப்பட்டது. இப்போது சென்னைக்கும் யாழ்ப்பாணத்துக்கும் இடையில் சின்ன விமானங்கள் ஓடுகின்றன. வைத்தியத்துக்கு, படிப்புக்கு, கலியாணச் சீலை எடுக்க என்று எங்கட வீட்டு ஆட்கள் போய்வருகிறார்கள். அந்தக் குறுகிய பயணத்தின் நடுவில், பாக்கு நீரிணைப் பக்கத்தில் எங்கேயோ, சென்னை வான்பரப்பில் இருந்து கொழும்பு வான்பரப்புக்கு ஒப்படைப்பு நடக்கிறது. கொழும்பு வான்பரப்பைக் கவனிக்கும் கட்டுப்பாட்டு நிலையம் இருப்பது இரத்மலானையில். எம்எச்370 மறைந்ததும் ஒப்படைப்பில், எயர் பிரான்ஸ் விழுந்ததும் ஒப்படைப்பில். இரண்டு பேருக்கும் பொறுப்பு எண்டால் ஒருத்தருக்கும் பொறுப்பில்லை என்கிற அந்த ஐந்து பத்து நிமிடம், ஒவ்வொரு பயணத்திலும் எங்கட தலைக்கு மேலால் போகிறது.

இலங்கையின் தேடல் மீட்புப் பொறுப்புப் பரப்பு ஏறத்தாழ 17 லட்சத்து 78 ஆயிரம் சதுர கிலோமீற்றர். தீவின் நிலப்பரப்பைப் போல 27 மடங்கு. தெற்கே நடுச்சமுத்திரம் வரைக்கும் போகிறது. இவ்வளவு பெரிய கடலைத் தனியத் தேட எங்களிடம் விமானமும் இல்லை, காசும் இல்லை. இருக்கிறதெண்டு சொல்கிற அரசியல்வாதியை நம்பவேண்டாம். இன்னொன்று, கனபேருக்குத் தெரியாதது: இந்தக் கடலில் ஒரு விமானமோ கப்பலோ 406 மெகாஹேர்ட்ஸில் ஆபத்து சமிக்ஞை அனுப்பினால், செய்மதி வழியாக அந்தச் செய்தி முதலில் போய்ச் சேருவது பெங்களூருக்கு. அங்கே இருக்கும் இந்திய நிலையம்தான் இலங்கை, மாலைதீவு, பங்களாதேஷ், நேபாளம் எல்லாவற்றுக்கும் அதைப் பிரித்து அனுப்புகிறது. அதாவது ஒத்துழைப்பு வேணுமா வேண்டாமா என்ற பட்டிமன்றம் எப்போதோ முடிந்துபோன விசயம். எங்கட உயிர் ஏற்கெனவே பெங்களூருக்கும் கொழும்புக்கும் இடையில் இருக்கிற ஒரு தொடர்பில் தொங்குகிறது. அந்தத் தொடர்பு இரவு இரண்டு மணிக்கு வேலை செய்யுமா என்பதுதான் கேள்வி.

2024 ஜூன் 20 இல் இந்திய வெளியுறவு அமைச்சர் ஜெய்சங்கர் கொழும்புக்கு வந்தபோது, 60 லட்சம் டொலர் இந்திய நன்கொடையில் கட்டிய கடல்சார் மீட்பு ஒருங்கிணைப்பு நிலையத்தைத் திறந்துவைத்தார்கள். கடற்படைத் தலைமையகத்தில் பிரதான நிலையம், அம்பாந்தோட்டையில் உபநிலையம், காலி, அறுகம்குடா, மட்டக்களப்பு, திருகோணமலை, கல்லராவ, பருத்தித்துறை, முள்ளிக்குளம் ஆகிய இடங்களில் ஆளில்லாத உபகரண நிலையங்கள். நல்ல விசயம். நாங்கள் வேண்டாம் எண்டு சொல்லவில்லை. ஆனால் அதற்குப் பிறகு தெற்கில் எழும்பின சத்தத்தையும் வடக்கில் இருந்த மௌனத்தையும் கவனித்தீர்களா? தெற்கில், இந்தியா உள்ளே வந்துவிட்டது, இறைமை போய்விட்டது எண்டு ஒரு கூட்டம். எங்கட பக்கத்தில், இந்தியா தந்தால் நல்லதுதானே எண்டு ஒரு தலையாட்டல். இரண்டு பேரும் ஒரு கேள்வியைக் கேட்கவில்லை. பருத்தித்துறைக்கு அப்பால் ஒரு விமானம் விழுந்தால் முதலில் காணப்போகிறவன் கரையில் இருந்து போன மீனவன். அவன் தமிழில் கூப்பிட்டால், அந்த ஆளில்லாத பெட்டி வழியாகக் கொழும்பில் அதைக் கேட்கிற கதிரையில் தமிழ் விளங்குகிற ஒருவர் 24 மணித்தியாலமும் இருக்கிறாரா?

இறைமைக்காரருக்கு முதலில் பதில் சொல்லிவிடுவம். உங்கட பயம் முழுக்கப் பொய் இல்லை. உபகரணம் தந்தவன் திரையையும் பார்ப்பான் என்பது குழந்தைப்பிள்ளைக்கும் தெரியும். ஆனால் அதற்கு மருந்து கதவைப் பூட்டுகிறது இல்லை. எழுத்தில் இருபக்கக் கடமையை வாங்குகிறதுதான். இந்தியா எங்களுக்கு எத்தனை நிமிடத்துக்குள் சொல்லவேண்டும், நாங்கள் இந்தியாவுக்கும் மாலைதீவுக்கும் எத்தனை நிமிடத்துக்குள் சொல்லவேண்டும், சொல்லாவிட்டால் யார் பதில் சொல்வது எண்டு பெயர் குறித்து எழுதவேண்டும். அப்படி எழுதாமல் வாங்குகிறது ஒத்துழைப்பு இல்லை, தயவு. தயவு ஆட்சி மாறினால் மாறும்.

இந்தியாவைக் கண்ணை மூடி நம்புகிற எங்கட ஆட்களுக்கும் ஒன்று. 2016 ஜூலை 22 இல் சென்னை தாம்பரத்தில் இருந்து போர்ட் பிளேருக்குப் போன இந்திய விமானப்படையின் ஏஎன்-32, 29 பேரோடு வங்காள விரிகுடாவில் மறைந்தது. தன் கடலில், தன் விமானத்தை, அவ்வளவு பெரிய கடற்படை வைத்திருந்தும் இந்தியாவால் கண்டுபிடிக்க முடியவில்லை. ஏழரை வருசம் கழித்து, 2024 ஜனவரியில்தான் சென்னையில் உள்ள தேசிய கடல் தொழில்நுட்பக் கழகத்தின் ஆளில்லா நீர்மூழ்கிக் கருவி எடுத்த படங்களில், கரையில் இருந்து 310 கிலோமீற்றர் தூரத்தில், 3,400 மீற்றர் ஆழத்தில் சிதைவுகள் தெரிந்தன. அயல்வீட்டுக்காரன் பெரியவன் எண்டதுக்காக அவனுக்குக் கண் பெரிசு எண்டு இல்லை. அந்தக் கடல் எல்லாருக்கும் ஆழம்தான்.

ஆழ்கடல் எண்டதும் இன்னொரு கூத்து ஞாபகம் வருகிறது. கடலடியை வரைபடம் ஆக்குகிற ஆராய்ச்சிக் கப்பல் எண்டால் எங்கட பக்கத்தில் உடனே சீனாவா இந்தியாவா எண்டு சண்டை. 2024 முழுக்க வெளிநாட்டு ஆராய்ச்சிக் கப்பல்களுக்கே தடை போட்டது இலங்கை. உளவு பற்றிய பயம் விளங்குது. ஆனால் எம்எச்370 ஐத் தேடுகிற சாட்டில் எடுத்த கடலடித் தரவை அவுஸ்திரேலியா என்ன செய்தது தெரியுமா? 2017 இல் யாரும் எடுக்கலாம் எண்டு இணையத்தில் போட்டது. எல்லாரும் பார்க்கிற வரைபடத்தில் உளவுக்கு என்ன மிச்சம் இருக்கு? மூடி வைத்தால்தான் அது ஆயுதம்.

இந்தப் பிராந்தியத்தில் "யாரும் கேட்கவில்லை" என்ற விளக்கத்தின் விலை எங்களுக்குத் தெரியாததா? 2004 டிசம்பர் 26 காலை சுமாத்திராவில் நிலம் அதிர்ந்து, அலை எங்கட கிழக்குக் கரைக்கு வந்துசேர ஏறத்தாழ இரண்டு மணித்தியாலம் எடுத்தது. ஹவாயில் இருந்த பசிபிக் நிலையம் நிலநடுக்கத்தை 15 நிமிடத்துக்குள் அறிவித்தது. ஆனால் இந்து சமுத்திரத்தில் யாருக்கு ஃபோன் அடிப்பது எண்டு ஒரு ஒழுங்கு இல்லை. இலங்கையில் மட்டும் 30,000 பேருக்கு மேல். முல்லைத்தீவிலும் கல்முனையிலும் காலைச் சாப்பாட்டுக்கு அடுப்பு மூட்டிக்கொண்டிருந்த சனம். அந்தச் சாவுகளுக்குப் பிறகுதான் இந்து சமுத்திரத்துக்கு எச்சரிக்கை அமைப்பு வந்தது. அரசுகள் நினைத்தால் தரவு பகிரமுடியும் எண்டதுக்கு அதுவே சாட்சி. 2025 நவம்பர் இறுதியில் டிட்வா புயல் அடித்தபோதும் பார்த்தோம்: அனுமதி உடனே கிடைத்தது, இந்திய ஹெலிகள் வந்தன, வெள்ளத்தில் நின்ற சனத்தைத் தூக்கின. ரீவிக்கு முன்னால் நடக்கிற பேரிடரில் கதவு திறக்கிறது. ஒரு விமானம் இருட்டில் மௌனமாக மறைகிறபோது திறக்குமா?

கடைசியாக, மற்றவர்களைக் கேட்கிற கேள்வியை எங்களையும் கேட்கவேணும். 1998 செப்டெம்பர் 29. பலாலியில் இருந்து இரத்மலானைக்குப் புறப்பட்ட லயன் எயர் விமானம் பத்து நிமிடம் அளவில் ராடரில் இருந்து மறைந்தது. 55 பேர். பயணிகள் தமிழர்கள், எங்கட ஊர்ச் சனம். தரைப்பாதை மூடியிருந்த காலத்தில் கொழும்புக்குப் போக அந்த ஆகாயத்தை நம்பினவர்கள். விடுதலைப் புலிகளின் ஏவுகணை வீழ்த்தியது என்பதுதான் அன்றிலிருந்து சொல்லப்பட்டது. 2012 இல் முன்னாள் போராளி ஒருவரின் வாக்குமூலத்துக்குப் பிறகுதான் இரணைதீவுக்கு அண்மையில் கடலடியில் சிதைவுகள் கண்டுபிடிக்கப்பட்டன. கிடைத்த உடுப்புகளையும் பொருட்களையும் யாழ்ப்பாணத்தில் உறவினர்களுக்குக் காட்டினார்கள். இத்தனை வருசம் கழித்து, ஒரு சேலைத் துண்டைப் பார்த்து அடையாளம் சொல்லுகிற நிலை.

இரணைதீவுக்கும் பலாலிக்கும் இடையில் எத்தனை தூரம்? தென் இந்து சமுத்திரம் இல்லை அது. ஆழமும் இல்லை. தெரிந்தவர்கள் இருந்தார்கள், சொல்லவில்லை. யுத்தம் முடிந்து மூன்று வருசம் வரைக்கும் அரசும் அந்தக் கடலைத் தேடவில்லை. இராணுவ இரகசியம் எண்டது அரசுகளுக்கு மட்டும் உரிய நோய் இல்லை, எங்கட இயக்கத்துக்கும் இருந்தது. அதைச் சொல்லாமல் தாய்லாந்தைத் திட்டிக்கொண்டிருந்தால் எங்களுக்கு நாங்களே மரியாதை வைக்கேலாது. காணாமல் ஆக்கப்பட்டவர்களுக்காக வீதியில் வருசக்கணக்காகக் குந்தியிருக்கிற அம்மாக்களின் ஊரில், எங்கே எண்டு தெரியாமல் இருப்பது என்றால் என்ன எண்டு யாரும் எங்களுக்குப் படிப்பிக்கத் தேவையில்லை.

எம்எச்370 க்குப் பிறகு விதிகள் மாறின. நடுச்சமுத்திரத்துக்கு மேல் பறக்கிற பெரிய பயணிகள் விமானங்களை 15 நிமிடத்துக்கு ஒருமுறை நிறுவனங்கள் கண்காணிக்கவேண்டும் என்று 2018 நவம்பர் முதல் சர்வதேச விதி இருக்கிறது. புதிய விமானங்கள் ஆபத்தில் சிக்கினால் நிமிடத்துக்கு ஒருமுறை தாமாகவே இருப்பிடத்தைச் சொல்லவேண்டும் என்றும் விதி வந்திருக்கிறது. நல்லது. ஆனால் கருவி சொன்னதை எடுத்து அயல்நாட்டுக்கு அடிக்க ஒரு மனுசன் வேணும். அவர் தன் மேலதிகாரியை எழுப்பி அனுமதி கேட்கத் தேவையில்லாமல் இருக்கவேணும். எம்எச்370 இரவிலும் கருவி இல்லாமல் இல்லை. பயந்த மனுசர்தான் கூட.

சார்க்கை நம்பி இருக்கச் சொல்லாதையுங்கோ. 2014 காத்மண்டுவுக்குப் பிறகு அந்த அமைப்பின் உச்சிமாநாடே நடக்கவில்லை. கொழும்பு பாதுகாப்பு மாநாடு எண்டு இந்தியா, இலங்கை, மாலைதீவு, மொரீசியஸ் முதலான நாடுகள் சேர்ந்த அமைப்பு ஒன்று இருக்கிறது, 2024 ஓகஸ்டில் சாசனமும் கையெழுத்தானது. கரையோரக் காவற்படைகள் சேர்ந்து "தோஸ்தி" எண்டு பயிற்சியும் செய்கின்றன. பகல் வெளிச்சத்தில், படம்பிடிக்க ஆட்களோடு, திகதி முதலே குறித்துச் செய்கிற பயிற்சி. எங்களுக்கு வேணுமானது வேறு மாதிரியான பயிற்சி. ஒரு நாள், யாருக்கும் சொல்லாமல், அதிகாலை இரண்டு மணிக்கு, சென்னையில் இருந்து ஒரு கற்பனை விமானத்தை ஒப்படைத்துவிட்டுப் பேசாமல் இருக்கவேணும். இரத்மலானை எத்தனை நிமிடத்தில் கேட்கிறது, கடற்படைக்கு எப்போது தெரிகிறது, மாலைக்கு யார் சொல்கிறார்கள் என்று எழுதி, அந்த நிமிடங்களை மூன்று மொழியிலும் வெளியிடவேணும். ராடரின் தூரத்தை வெளியிடச் சொல்லவில்லை. தாமதத்தை வெளியிடச் சொல்கிறோம். தாமதத்தில் என்ன தேசிய பாதுகாப்பு?

2016 இன் 12 ஆம் இலக்கத் தகவலறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் ஒரு விண்ணப்பத்தைத் தமிழில் எழுதி வைத்திருக்கிறோம். சிவில் விமானத்துறைக்கு ஒன்று, கடற்படைக்கு ஒன்று. சென்னை வான்பரப்போடு உள்ள உடன்பாட்டில், ஒப்படைத்த விமானம் பேசாவிட்டால் எத்தனை நிமிடத்தில் விசாரிக்கவேண்டும் என்று இருக்கிறது? கடைசியாக எப்போது அதைப் பரீட்சித்தீர்கள்? பெங்களூரில் இருந்து ஆபத்து சமிக்ஞை வந்தால் அதைப் பெறுகிற மேசை எது, இரவில் அங்கே எத்தனை பேர்? பருத்தித்துறை, முள்ளிக்குளம், மட்டக்களப்பு உபகரணங்கள் வழியாகத் தமிழில் வருகிற அழைப்புக்குப் பதில் சொல்ல யார் இருக்கிறார்? 14 வேலை நாளுக்குள் முடிவு சொல்லவேண்டும் என்பது சட்டம். தேசிய பாதுகாப்பு எண்டு மறுத்தால் மேன்முறையீடு செய்வோம், ஆணைக்குழு வரைக்கும் போவோம். உங்கட ஊரில் கடலுக்குப் போகிறவர்களிடம் கேட்டு, விண்ணப்பத்தில் சேர்க்கவேண்டிய கேள்வி இருந்தால் இந்தக் கிழமைக்குள் எழுதி அனுப்புங்கோ. வருகிற பதிலை, வராவிட்டால் வராத திகதியை, இங்கேயே போடுவோம்.